இல்லை என்று சொன்ன புரோகிராம்

கஸ்தூரி அக்கா படியேறி வருவதற்கு முன்பே அவர் மேலுள்ள வாடை மேலே வந்துவிடும். ஐஸில் ஊறிய இறாலின் வாடை. காசிமேட்டில் ஒரு கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை அவருக்கு. விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். என் மேஜையில் கை பட்டுவிடக் கூடாது என்று ஒரு சாண் தள்ளியே நிற்பார்.

"இன்னாம்மா, பாக்குறியா?"

அவர் கணவரின் பெயரை அடிப்பேன். குமரேசன். திரை கொஞ்சம் தயங்கும். பிறகு இரண்டே இரண்டு ஆங்கில வார்த்தைகள் வரும். நாட் ஃபவுண்ட்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் திரையில் எவ்வளவு எழுத்து வருகிறது என்பதைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

"ரெண்டு வார்த்தைதான் வந்துகீது. அப்போ இல்ல?"

"இல்லக்கா."

"செரி. அத்தப் பேப்பர்ல போட்டுக் குடு."

பிரிண்டர் கிறீச் கிறீச்சென்று இழுத்துத் துப்பும் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார். அப்போது அவர் முகம் லேசாகத் தெளியும். "வர்ட்டா பாப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். இப்படி மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருவார்.

அந்தத் தெளிவை நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். தன் ஏமாற்றத்தைக் காட்டினால் இந்தப் பெண்ணின் மனம் கஷ்டப்படுமே என்று சிரித்துவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

பெட்டிக்குள் பெட்டி

ராயபுரத்தில் துறைமுக மதிலை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். புத்தாயிரம் பிறந்த புதிது. சிங்கப்பூரில் இருந்து ஒரு முழு கன்டெய்னர் பிடிக்க வசதியில்லாதவர்களின் சில்லறைச் சரக்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே கன்டெய்னரில் போட்டுக் கொண்டுவருவது எங்கள் தொழில். கீழே லாரிகள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும். டீசல் புகைக்குப் பயந்து ஜன்னலை மூடினால் வேர்க்கும். திறந்தால் கீபோர்டில் கறுப்புத் தூசி படியும். நான் மூடியே வைத்திருப்பேன்.

வண்ணாரப்பேட்டையில் இருந்த வாப்பாவின் கடையைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். உடைத்த கப்பல்களில் இருந்து வரும் மேஜை, மெத்தை, கடிகாரம், பீங்கான் தட்டு எல்லாம் அங்கே விற்பனைக்கு இருக்கும். அந்தக் கடையில் வளர்ந்த பெண்ணுக்குக் கப்பல் சரக்கு புதிதல்ல. கம்ப்யூட்டர்தான் புதிது. தெருமுனையில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. அங்கே சேர்த்துவிடச் சொல்லி நான் அழுததும், எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் போகாத இடத்துக்கு நான் போவதா என்று உறவினர்கள் வாப்பாவிடம் பேசியதும் தனிக் கதை. வாப்பா ஒரே பதில்தான் சொன்னார். "எம்பொண்ணு கணக்குல கெட்டி. போவட்டும்."

ஆபீஸில் எனக்கு முன்பு இருந்தவர் எழுதிவைத்த புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. அவர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு பெர்ல் கற்றுக்கொண்ட நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேனேஜர் சந்தானம் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஓடுற வண்டி. கையை வெக்காத."

குமரேசன்

கஸ்தூரி அக்கா தன் கதையை ஒரே நாளில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சொல்வார்.

குமரேசன் திருவொற்றியூர் குப்பத்துக்காரர். சொந்தப் படகு இல்லை. கடலுக்குப் போய்க் கூலிக்கு வலை இழுத்தவர், யாரையோ பிடித்துச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். கப்பல் தளத்தைக் கழுவுவது, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பது, கயிறு கட்டுவது. வருஷத்தில் ஒன்பது பத்து மாதம் கடலில்தான். குழந்தை இல்லை. வீட்டில் கஸ்தூரி அக்காவும் மாமியார் பட்டம்மாவும் மட்டும்.

ஒரு நாள், குமரேசனை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சியில் இருந்து ஆள் வந்தது. கப்பல் சிங்கப்பூருக்குப் போகிற வழியில் ஒரு நாள் காலை அவர் வேலைக்கு வரவில்லை என்று தேடியிருக்கிறார்கள். கட்டிலில் இல்லை. கப்பலில் எங்குமே இல்லை. கடலில் விழுந்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். உடல் கிடைக்கவில்லை. அவர் பெட்டியைக் கட்டி, சிங்கப்பூரில் இருந்து கப்பலில் அனுப்பிவிட்டதாகவும், இறந்ததை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்து வேண்டும் என்றும் கேட்டார்கள்.

"பெட்டி வரட்டும், அப்புறம் போடறேன் கையெழுத்துன்னு சொல்ட்டேன்" என்றார் கஸ்தூரி அக்கா.

பெட்டி எங்கள் கம்பெனி மூலமாகத்தான் வருகிறது என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். அப்படித்தான் அவர் எங்கள் படியேற ஆரம்பித்தார்.

நான் சந்தானம் சாரிடம் கேட்டேன். "சிங்கப்பூர்ல ஏத்தியிருக்க மாட்டான். இல்லன்னா பேரைத் தப்பா அடிச்சிருப்பான். நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல" என்றார். யாருடைய சரக்கு கிடைக்காவிட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான்.

திருவொற்றியூரில் எங்கள் சரக்கு இறங்கும் யார்டுக்குப் போன் செய்தேன். அங்கே மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது, கட்டு நம்பர் இல்லாமல் தேட முடியாது என்றார்கள். அந்த நம்பரை எங்கள் புரோகிராம்தான் கொடுக்க வேண்டும்.

முதல் வீட்டோடு திரும்பியவன்

அந்த வருஷம் மழை மோசம். திருவொற்றியூரை அடுத்த சடையங்குப்பம் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. யார்டு ஷெட்டிலும் தண்ணீர் ஏறி, தரையில் வைத்த சரக்கெல்லாம் நனைகிறது என்று செய்தி வந்தது. இறந்தவர் பெட்டி எங்கேயாவது தண்ணீரில் ஊறிக் கிடக்கிறதோ என்ற நினைப்பு என்னை விடவில்லை. சார் வேலையாக வெளியே போயிருந்த ஒரு பகலில், கை வைக்கக் கூடாது என்ற வண்டியில் கை வைத்தேன்.

முதலில் பெயரைத்தான் சந்தேகப்பட்டேன். குமரேசன் என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் அடித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வார்த்தைகள்.

பிறகு, உள்ளே சேர்த்துவைத்திருப்பதை அப்படியே கொட்டிக் காட்டு என்று ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு கப்பலாகத் திரையில் கொட்டியது. கண் எரிய எரியத் திரையை இறக்கிக்கொண்டே போனேன். சிங்கப்பூரில் இன்னொரு ஏஜென்ட் தன்னிடம் வந்த சாமான்களை மொத்தமாக எங்களிடம் கொடுத்த ஒரு சரக்கு. அதற்குள் பல பேலட்டுகள், அதாவது மரச் சட்டத்தின் மேல் அடுக்கிக் கட்டிய கட்டுகள். அதில் கடைசிக் கட்டுக்குள், ஒரு டிரங்குப் பெட்டி. குமரேசன், திருவொற்றியூர். பெற்றுக்கொள்பவர் கஸ்தூரி.

எழுத்தில்கூட ஒரு பிழையும் இல்லை. முதல் தடவை அவர் வந்து கேட்டபோதே அது அங்கே இருந்திருக்கிறது.

அப்படியென்றால் தப்பு தேடுகிற விதத்தில்தான். புரோகிராமில் தேடுகிற பகுதியைத் திறந்தேன்.

அதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஒரு பெட்டிக்குள் எத்தனை அடுக்குப் பெட்டி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் தேடுகிறவன் ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே இன்னொரு பெட்டி இருந்தால், தன்னைப் போலவே ஒருவனை அதற்குள் அனுப்புவான். அவன் அதற்குள் இருக்கும் பெட்டிக்குள் இன்னொருவனை அனுப்புவான். எல்லோரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். கண்டதைச் சொல்லிக்கொண்டே மேலே வர வேண்டும்.

அவன் எங்கே போகிறான், எங்கே திரும்புகிறான் என்று ஒவ்வோர் அடியிலும் சொல்லச் சொன்னேன். சொன்னான். சரக்குக்குள் நுழைந்தான். முதல் கட்டைத் திறந்தான். அங்கே குமரேசன் இல்லை. "இல்லை" என்று சொல்லிக்கொண்டு நேராக மேலே வந்துவிட்டான். மற்றக் கட்டுகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சந்தில் ஆளைத் தேடச் சொன்னால், முதல் வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே இல்லை என்றதும், அந்தச் சந்திலேயே இல்லை என்று வந்து சொல்வது மாதிரி. ஒவ்வொரு கட்டாகப் பார்த்துவர வேண்டிய சுற்றுக்குள், கிடைத்ததா இல்லையா என்று கேட்காமலே 'ரிட்டர்ன்', அதாவது திரும்பு, என்று எழுதியிருந்தார் எனக்கு முன்னால் இருந்தவர். பெரும்பாலான சரக்குகளில் உள்ளே ஒரே கட்டுதான் இருக்கும். முதல் கட்டே கடைசிக் கட்டு. அதனால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை.

கிடைத்தால் மட்டும் திரும்பு, இல்லையென்றால் அடுத்ததைப் பார் என்று மாற்றினேன். இரண்டு வரி வேலை. பழைய புரோகிராமை அழிக்கவில்லை. எங்கேயாவது கெட்டுப்போனால் திரும்பப் போட வேண்டுமே என்று வேறு பெயரில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டேன்.

சார் வந்ததும் சொன்னேன். 'இல்லை' என்று நாங்கள் திருப்பி அனுப்பிய இன்னும் சில பேருடைய சாமான்களும் இப்போது கிடைத்திருந்தன. ஒருவருடைய தையல் மெஷின். யாரோ மாணவனின் புத்தகங்கள். சார் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"புதுசா வந்த மாதிரி நோட்டீஸ் அனுப்பு. முன்னாடியே இருந்துச்சுன்னு யார்கிட்டயும் மூச்சு விடாத."

மற்றவர்களுக்கு அப்படியே அனுப்பினேன். கஸ்தூரி அக்காவிடம் மட்டும் நேரில் சொல்லக் காத்திருந்தேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

நிறைய வரிகள்

அவர் தலை படியில் தெரிந்ததுமே நான் எழுந்துவிட்டேன்.

"அக்கா, கெடச்சிடுச்சு! நம்ம திருவொத்தியூர் யார்டுலயே கீது!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு திரையைப் பார்த்தார். கப்பல், கன்டெய்னர், கட்டு நம்பர், எடை, பெயர், ஊர். திரை நிறைய எழுத்து.

"இன்னாத்துக்கு இவ்ளோ வரி வந்துகீது?"

"பெட்டி எங்க கீதுன்னு சொல்லுதுக்கா."

"வேற குமரேசனா இருக்கப் போவுது. நல்லாப் பாரு."

"இல்லக்கா. ஊரு போட்டுகீது. உங்க பேரு போட்டுகீது."

அவர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். சுவரில் சாயக்கூட இல்லை. நான் தண்ணீர் எடுத்து வந்தேன். வாங்கவில்லை.

"பெட்டி வரலன்னா, அத்தயும் எடுத்துகினு எங்கனா ஒரு ஊர்ல எறங்கிட்டாருன்னு இருந்தேன்" என்றார். "குப்பத்துல சொல்லிகினுதான் இருந்தாங்க, எவளயோ இட்டுகினு ஓடிட்டான்னு. ஓடட்டுமே. எவ கூட இருந்தா இன்னா? எங்கயோ துன்னுகினு தூங்கிகினு இருந்தா போதும்னு இருந்தேன். நீ ஒவ்வொரு தபா இல்ல இல்லன்னு சொல்ல சொல்ல, எனுக்கு…"

பிரிண்டரில் கிடந்த தாளை, அவர் பார்க்காத மாதிரி, மேஜை டிராயருக்குள் தள்ளினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

யார்டு

நானும் அவருமாகப் போனோம். சார் அரை நாள் அனுமதி கொடுத்தார். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்க, ஷேர் ஆட்டோ அவற்றுக்கு நடுவே நுழைந்து நுழைந்து போனது. வலது பக்கம் கடல், கறுப்புக் கல் கொட்டிய கரை. அவர் கடல் பக்கம் திரும்பவே இல்லை.

ஷெட்டுக்குள் மழைத் தண்ணீர் வடிந்து சேறு மட்டும் மிச்சமிருந்தது. நம்பரைச் சொன்னதும் கட்டை இறக்கிப் பிரித்தார்கள். பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. அடிப்பக்கம் துரு பிடித்திருந்தது. சுங்க அதிகாரி ஒருவர் பூட்டை உடைக்கச் சொல்லி, மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

கஸ்தூரி அக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தார். நீலக் கால்சட்டை. இரண்டு பனியன். ஷேவிங் சாமான். ஒரு லுங்கியைச் சுருட்டி வைத்திருந்தது. அதை விரித்ததும் உள்ளே இருந்து மூச்சுக்கு இழுக்கிற மருந்துக் குழாய்கள் உருண்டன. நாலைந்து இருக்கும். எல்லாம் பிரிக்காதவை.

"இது இன்னான்னு தெரிதா?" என்றார் என்னிடம். "அவருக்கு இழுப்பு. சின்ன வயசுலேர்ந்தே. மணலி ஃபேக்டரிங்க பக்கத்துலேர்ந்து அந்தக் காத்து அடிச்சா ராத்திரி முச்சூடும் குந்திகினே இருப்பாரு. கம்பெனிக்குத் தெரிஞ்சா கப்பல்ல ஏத்த மாட்டான்னு சொல்லாம மறைச்சி மறைச்சி எடுத்துகினு போவாரு." ஒரு குழாயை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "துணிய வுட்டுட்டுப் போவாரு. துட்ட வுட்டுட்டுப் போவாரு. இத்த வுட்டுட்டு மூத்திரம் பெய்யக்கூடப் போவ மாட்டாரு."

எல்லாவற்றையும் இருந்தபடியே மடித்து உள்ளே வைத்தார். அழவில்லை. அதிகாரி காட்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வைத்தார். வெளியே வந்து யார்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் கேட்டார்.

"பாப்பா, உன் மிஷின்ல இல்லன்னு இன்னொரு தபா வர வெக்க முடியுமா?"

எதற்கு என்று கேட்டேன்.

"எங்க மாமியாவுக்கு. சேதி வந்தப்போ சோறு தண்ணி இல்லாம படுத்துடுச்சி. நீ குடுத்த மொதப் பேப்பரைக் காட்டி, பெட்டி வரல, உம்புள்ள அத்த எடுத்துகினு எங்கயோ கீறான்னு சொன்னேன். அன்னிக்குத்தான் எழுந்து குந்திச்சி. எல்லாப் பேப்பரும் அதும் தலகாணிக்குக் கீழதான் கீது. இந்தப் பெட்டிய எடுத்துகினு போயி அது முன்னாடி வெச்சேன்னா, இன்னொரு சாவு வுழும்."

பழைய புரோகிராம்

ஓரமாக வைத்திருந்த பழைய புரோகிராம் அதற்குத்தான் உதவியது.

அடுத்த தடவை அவர் வந்தபோது அதை ஓடவிட்டேன். அதில் தேடுகிறவன் வழக்கம்போல முதல் கட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இல்லை என்று திரும்பினான். இரண்டு வார்த்தைகள். பிரிண்டர் கிறீச்சிட்டது. கஸ்தூரி அக்கா தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்தார்.

பெட்டியை வாப்பாவின் கடைப் பரணில் வைத்தோம். யாருடையது, ஏன் என்று சொன்னேன். வாப்பா அதன் மேல் ஒரு சாக்கைப் போர்த்தினார். கப்பல் சாமான் வாங்க வருகிறவர்கள் யாராவது அதைக் காட்டிக் கேட்டால், "அது விக்கிறதுக்கு இல்ல" என்பார்.

ஏஜென்சி கொடுத்த தாளிலும் கஸ்தூரி அக்கா ரேகை வைத்துவிட்டார். குப்பத்தில் யாருக்கும் தெரியாது. வீட்டில் பொட்டு வைத்துக்கொண்டார். தாலியைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமியார் பூ வாங்கித் தருவாராம், மகன் வருகிற நேரத்தில் மருமகள் மூளியாக இருக்கக் கூடாதென்று. அதையும் வைத்துக்கொள்வார். புருஷன் செத்துப்போனதைத் தெரிந்துகொண்ட ஒரு பெண், புருஷனுக்காகக் காத்திருக்கிற பெண்ணாக அந்த வீட்டில் நடமாட வேண்டியிருந்தது.

மாதம் ஒரு தடவை தாளுக்கு வருவார். வாங்கிக்கொண்ட பிறகு உடனே போக மாட்டார். எங்கள் ஆபீஸின் பின்னால், பழைய பைல்களும் உடைந்த நாற்காலிகளும் போட்ட ஒரு சின்ன அறை இருந்தது. "கொஞ்ச நேரம் குந்திகினு வரட்டா?" என்று கேட்டு அங்கே போவார். கதவைச் சாத்திக்கொள்வார். அந்த நேரம் பார்த்து நான் பிரிண்டரில் எதையாவது ஓடவிடுவேன், உள்ளேயிருந்து வரும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க. வெளியே வரும்போது முகத்தைக் கழுவி, பொட்டைச் சரிசெய்திருப்பார்.

ஒரு நாள் கேட்டேன், எத்தனை காலம் இப்படி என்று.

"மாமியா இருக்கற வரிக்கும். அதுக்கு அவரு புள்ள. எனுக்கு அது மட்டுந்தான்" என்றார்.

சந்தானம் சாருக்குத் தெரிந்தும் இருக்கலாம். பழைய புரோகிராமை ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று ஒரு தடவை கேட்டார். தேவைப்படுகிறது சார் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு காலையில் கஸ்தூரி அக்காவின் இறால் கம்பெனியில் வேலை செய்கிற ஒரு பெண் வந்து, பட்டம்மா இறந்துவிட்டதாகச் சொன்னார். நான் போனேன்.

குப்பத்தில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பறை ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளே கிழவியின் கால்மாட்டில் கஸ்தூரி அக்கா விழுந்து கிடந்தார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு பெண்கள் தூக்கப் பார்த்தும் முடியவில்லை. அடிவயிற்றில் இருந்து, வார்த்தையே இல்லாமல், மூச்சு வாங்கி வாங்கி அழுதார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முதல் தடவையாகச் சத்தமாக, அந்த வீட்டுக்குள், தன் புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்.

சுற்றி இருந்தவர்கள் அதை, சாவுக்குக்கூட வராத மகனைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

என் பின்னால் நின்ற ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மாமியாக்காரிக்கு இப்டி அழுவுற மருமவள எங்கனா பாத்துகீறியா?"